கொடைக்கானல் மரத்துல ஒட்டியிருக்கிற கணக்கு

போன ஞாயித்துக்கிழமை காலைல வத்தலக்குண்டுல மலை பஸ் ஏறி பெருமாள்மலைல இறங்கினேன். பையில ஒரு கட்டுக்கம்பி ஏணி, பத்து மடங்கு பெருசா காட்டுற லென்ஸ், நியூஸ்பேப்பர்ல மடிச்ச கவர் ஒரு இருவது, ரெண்டு குட்டி பாட்டில், இன்ச் டேப். ஏணின்னா ஏறுற ஏணி இல்ல, 10 சென்டிமீட்டர் அகலம் 50 சென்டிமீட்டர் நீளத்துல ஒரு சட்டம், உள்ள அஞ்சு சதுரக் கட்டம், எங்க தெருவுல கிரில் வேலை செய்யுற அண்ணன் பத்து நிமிஷத்துல வளைச்சு குடுத்துட்டாரு. இதை தரையில இருந்து ஒரு மீட்டர் உயரத்துல மரத்தோட சேத்து கட்டி ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் என்னென்ன லைக்கன் இருக்குன்னு எண்ணணும், முடிஞ்சதும் மரத்தோட அடுத்த பக்கம், அப்புறம் அடுத்த பக்கம், இப்படி கிழக்கு மேற்கு தெற்கு வடக்கு நாலு பக்கமும்.

டீக்கடை அக்கா ரொம்ப நேரமா பாத்துட்டே இருந்துட்டு கடைசில கேட்டாங்க. "என்ன பாப்பா, மரத்துக்கு அளவு எடுக்குற, வெட்டப் போறாங்களா?"

"இல்லக்கா, மரத்து மேல ஒட்டிட்டு இருக்குல்ல, வெள்ளையா பச்சையா, அதை எண்ணிட்டு இருக்கேன்."

"அது பாசி தான?"

"பாசியும் இருக்கு, கூடவே பூஞ்சையும் இருக்குக்கா. குழம்புக்கு கல்பாசி போடுவீங்கல்ல, அதுவும் இந்த சாதி தான்."

அவங்க கிட்ட வந்து லென்ஸ வாங்கி பாத்தாங்க, ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல, அப்புறம் "இம்புட்டு இருக்கா இதுக்குள்ள" ன்னாங்க. எனக்கு அந்த ஞாயித்துக்கிழமைக்கு அதுவே போதும்னு இருந்துச்சு.

ஸ்கூல்ல நம்ம எல்லாரும் லைக்கன் படிச்சிருக்கோம், பாசியும் பூஞ்சையும் சேந்து வாழுற கூட்டுயிரி, ரெண்டு மார்க் கேள்வி. பூஞ்சை வீடு கட்டி ஈரத்தை புடிச்சு வெக்கும், உள்ள இருக்கிற பாசி வெயில்ல சமைச்சு சாப்பாடு போடும். சில லைக்கன்ல பச்சைப்பாசிக்கு பதிலா நீலப்பச்சைப் பாக்டீரியா இருக்கும், அது காத்துல இருக்கிற நைட்ரஜனையும் புடிச்சு குடுக்கும். இது ஒரே செடி இல்ல ரெண்டு உயிர்னு 1860கள்ல ஸ்விட்சர்லாந்துக்காரர் சைமன் ஷ்வெண்டனர் சொன்னப்ப அந்தக் கால லைக்கன் நிபுணர்களே ஏத்துக்கல, பெரிய சண்டை. இப்ப 2016ல டோபி ஸ்ப்ரிபில்னு ஒரு ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் பாத்தா நிறைய லைக்கன்களோட மேல்தோல்ல ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒண்ணும் குடியிருக்கு. நூத்தம்பது வருஷம் லென்ஸ் வெச்சு பாத்த ஒரு பொருள்ல இன்னொரு ஆள் உள்ள இருந்தது தெரியாமலே இருந்திருக்கு. உலகத்துல கிட்டத்தட்ட 20,000 வகை இருக்கு, நம்ம நாட்டுல மட்டும் 2,500க்கு மேல பதிவு பண்ணியிருக்காங்க, அதுல பெரும்பங்கு மேற்குத்தொடர்ச்சி மலையிலயும் இமயமலையிலயும் தான்.

சரி, இதை ஏன் எண்ணணும்? மரத்துக்கு வேர் இருக்கு, இலை மேல மெழுகுப் பூச்சு இருக்கு, வேணும்னா இலையோட வாயை மூடிக்கும். லைக்கனுக்கு இது எதுவுமே கிடையாது. மழையில என்ன வருதோ, பனியில என்ன இறங்குதோ, புகையில என்ன மிதக்குதோ அத்தனையும் உடம்பு முழுக்க உறிஞ்சும், வேண்டாம்னு தள்ள அதுக்கு வழி இல்ல. வருஷத்துக்கு சில மில்லிமீட்டர் தான் வளரும், இலை உதிர்க்கிற மாதிரி உதிர்த்துட்டு புதுசா ஆரம்பிக்கவும் முடியாது. அதனால ரெண்டு விஷயம் நடக்கும், தாங்க முடியாதது செத்துப் போயிடும், தாங்குறது உள்ள வாங்கினதை எல்லாம் சேத்து வெச்சுக்கும். முதல்ல சொன்னதுல இருந்து எந்த வகை இருக்கு எந்த வகை காணோம்னு எண்ணுற வேலை வந்துச்சு, ரெண்டாவதுல இருந்து லைக்கனை லேப்ல குடுத்து உள்ள என்ன உலோகம் எவ்ளோ இருக்குன்னு அளக்குற வேலை வந்துச்சு.

எண்ணுற வேலை பழசு. 1866ல பாரிஸ் லக்சம்பர்க் தோட்டத்துல வில்லியம் நைலாண்டர் லைக்கன்களை கணக்கெடுத்து, நகரத்துல மத்த இடங்கள்ல காணாமப் போனது இங்க இருக்குன்னா இங்க காத்து நல்லா இருக்குன்னு எழுதினாரு. (என் பையில இருக்கிற ரெண்டு குட்டி பாட்டிலுக்கும் காரணம் அவர் தான், கெமிக்கல் சொட்டு வெச்சு நிறம் பாத்து வகையை கண்டுபிடிக்கிறதும் அவர் ஆரம்பிச்சது.) 1926ல ஸ்வீடன்ல செர்னாண்டர் ஸ்டாக்ஹோமை மூணு வட்டமா பிரிச்சாரு, நடுவுல லைக்கன் பாலைவனம், சுத்தி போராடுற பகுதி, வெளிய சாதாரணமா இருக்கிற பகுதி. 1970ல ஹாக்ஸ்வர்த்தும் ரோஸும் இங்கிலாந்து வேல்ஸுக்கு பூஜ்யத்துல இருந்து 10 வரைக்கும் ஒரு அளவுகோல் போட்டாங்க, நிலக்கரிப் புகையில வர்ற சல்பர் டை ஆக்சைடு எந்த ஊர்ல எவ்ளோன்னு மரப்பட்டையை பாத்தே ஓரளவு சொல்லிடலாம். அங்க லெக்கனோரா கோனிசயாய்டஸ்னு ஒரு சாம்பல்பச்சை வகை, மத்தது எல்லாம் செத்த இடத்துல இது மட்டும் கொழிச்சு வளந்துச்சு. அப்புறம் நிலக்கரிப் புகை கொறஞ்சதும் இந்த வகையே அரிதாகிப் போச்சு, பல ஊர்ல தேடித்தான் பாக்கணும். அந்த இடத்துக்கு இப்ப ஸாந்தோரியான்னு மஞ்சள் ஆரஞ்சு கலர் லைக்கன் வந்திருக்கு, அதுக்கு நைட்ரஜன் ரொம்ப பிடிக்கும், மாட்டுப்பண்ணை அம்மோனியாவும் வண்டிப்புகையும் இருக்கிற பக்கம் நல்லா படரும். அதாவது மரம் முழுக்க லைக்கன் இருந்தா காத்து சுத்தம்னு கண்ணை மூடிட்டு சொல்ல முடியாது, எந்த லைக்கன்னு பாக்கணும்.

1997ல இத்தாலி வெனிட்டோ பகுதியில சிஸ்லாகி, நிமிஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க லைக்கன் வரைபடத்தையும் நுரையீரல் புற்றுநோய் சாவு வரைபடத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க, லைக்கன் கொறஞ்ச இடமும் இளம் வயசு ஆம்பளைங்க சாவு கூடின இடமும் நிறைய ஒத்துப் போச்சு. ஒண்ணால தான் இன்னொண்ணுன்னு அதுல நிரூபணம் இல்ல, ஆனா அந்த ரெண்டு படத்தையும் பாத்த அன்னைக்கு எனக்கு தூக்கம் வரல.

இப்ப நம்ம மலைக்கு வர்றேன், நான் இதுல இறங்கினதுக்கே இது தான் காரணம்.

கொடைக்கானல்ல ஒரு தெர்மாமீட்டர் ஃபேக்டரி இருந்துச்சுன்னு எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். 1980கள் தொடக்கத்துல அமெரிக்காவுல இருந்து மெஷினோட கொண்டு வந்து வெச்சாங்க, கண்ணாடியும் பாதரசமும் வெளிநாட்டுல இருந்து வரும், செஞ்ச தெர்மாமீட்டர் திரும்ப வெளிநாட்டுக்கே போகும். ஃபேக்டரிக்கு கீழ பாம்பார் சோலை. 2001 மார்ச்ல மூஞ்சிக்கல் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில பாதரசத்தோட உடைஞ்ச தெர்மாமீட்டர் கண்ணாடி டன் கணக்குல கிடந்ததை ஊர்க்காரங்களும் சுற்றுச்சூழல் இயக்கத்துக்காரங்களும் வெளிய கொண்டு வந்தாங்க, அந்த மாசமே ஃபேக்டரியை மூடிட்டாங்க. 2003ல 290 டன் கழிவை கப்பல் ஏத்தி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினாங்க. அங்க வேலை பாத்தவங்க 591 பேருக்கு 2016ல தான் ஒரு உடன்பாடு வந்துச்சு, பதினஞ்சு வருஷம்.

கண்ணாடிக் கழிவை எடை போடலாம். ஆவியா போன பாதரசத்தை எப்படி எடை போடுறது? பாதரசம் ரூம் சூட்டுலயே ஆவியாகும், நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. அத்தனை வருஷம் ஃபேக்டரியை சுத்தி அந்தக் காத்துல எவ்ளோ இருந்துச்சுன்னு வெளிய இருந்து யாரும் வருஷம் பூரா மெஷின் வெச்சு அளந்துட்டு இருக்கல. ஹைதராபாத்துல இருக்கிற அணுசக்தித் துறை ஆய்வகத்து விஞ்ஞானிங்க தான் மரத்துல இருந்த லைக்கனையும், மாஸ்னு சொல்ற குட்டிப் பச்சைச் செடியையும் எடுத்துட்டு போய் பாத்தாங்க, 2003ல கட்டுரையா வந்துச்சு. கொடைக்கானல் பக்கத்துல எடுத்ததுல பாதரசம் ஏறியிருந்துச்சு, இருவது கிலோமீட்டர் தள்ளி பேரிஜம் ஏரிப் பக்கம் எடுத்ததுல அதைவிட ரொம்பக் கம்மி. சுத்தமான மலைன்னு ஜனங்க பெட்டி கட்டிட்டு வர்ற ஊரு, அந்தக் காத்துல போனது எல்லாம் மரப்பட்டையில ரெண்டு மில்லிமீட்டர் தடிமன் கூட இல்லாத ஒரு பொருளுக்குள்ள உக்காந்திருந்துச்சு.

இதை நான் காலேஜ் கடைசி வருஷத்துல படிச்சேன். அதுக்கு முன்னாடி அதே மலையில எத்தனை தடவை டூர் போயிருப்போம், அந்த மரங்கள்ல சாஞ்சு போட்டோ எல்லாம் எடுத்திருக்கோம், பின்னாடி ஒட்டியிருந்ததை அழுக்குன்னு தான் நினைச்சேன்.

லைக்கன் சேத்து வெக்கும்னு உலகத்துக்கே புரிய வெச்சது 1986 செர்னோபில் அணு உலை விபத்து. அந்தக் கதிரியக்க சீசியம் மழையோட ஸ்காண்டிநேவியா பக்கம் இறங்குச்சு, அங்க குளிர்காலத்துல கலைமானுக்கு சாப்பாடே தரையில வளர்ற லைக்கன் தான், கலைமானை நம்பி வாழுற 'சாமி'ங்கிற (Sámi) பழங்குடி மக்கள் அந்தக் கறியை குழி தோண்டி புதைக்க வேண்டியதாப் போச்சு. ஒரு உலை வெடிச்சு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால ஒரு சனத்தோட சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்த பாதை லைக்கன் வழியா தான்.

நம்ம தட்டுலயும் லைக்கன் இருக்கு, அதையும் சொல்லணும். கல்பாசின்னு மளிகைக்கடையில வாங்குறது பெரும்பாலும் பார்மோட்ரீமா வகை, காரைக்குடி பக்கம் இது இல்லாம கறிக்குழம்பே கிடையாது, எங்க அம்மா எண்ணெய் காஞ்சதும் முதல்ல இதைத்தான் போடுவாங்க, அந்த மண்வாசனை வந்த அப்புறம் தான் பட்டை கிராம்பு. யாரும் இதை விவசாயம் பண்ணி எடுக்கல, அத்தனையும் மலைக்காட்டுல மரத்துல பாறையில இருந்து உரிச்சு எடுக்கிறது. வருஷத்துக்கு சில மில்லிமீட்டர் வளர்றதை மூட்டை மூட்டையா உரிச்சா திரும்ப எப்ப வரும்? எந்த ரோட்டோரத்துல உரிச்சதுன்னு பாக்கெட்ல எழுதியிருக்கா? குழம்புல போட வேண்டாம்னு நான் சொல்லல, எங்க வீட்லயும் போடுறோம். எங்க இருந்து எவ்ளோ எடுக்கிறாங்கன்னு கணக்கு வேணும்னு தான் சொல்றேன்.

எண்ணுற வேலைல இருக்கிற கஷ்டத்தை இப்ப சொல்றேன், ஏன்னா யாராச்சும் இதைப் படிச்சிட்டு நாளைக்கே ஆரம்பிச்சா உதவும். அந்த அஞ்சு கட்ட ஏணி ஐரோப்பாக்காரங்க முறை, ஒரு வகை எத்தனை கட்டத்துல இருக்கோ அது அதோட மதிப்பெண், எல்லாத்தையும் கூட்டி ஒவ்வொரு திசைக்கும் சராசரி எடுத்து சேத்தா அந்த இடத்தோட லைக்கன் மதிப்பு வரும். முறை நல்ல முறை, ஆனா அவங்க போட்ட எந்த எண் நல்லது எந்த எண் கெட்டதுங்கிற பட்டியல் நம்ம ஊருக்கு ஆகாது. அங்க இலை மாதிரி விரிஞ்ச வகைங்க நிறைய, நம்ம வெப்பமண்டல மரத்துல பட்டையோட பட்டையா அப்பிக்கிட்ட மேலோடு வகைங்க தான் அதிகம். அதுல கிராஃபிஸ்னு ஒண்ணு, வெள்ளைத்தோல் மேல கறுப்பா வளைஞ்சு வளைஞ்சு கோடு, யாரோ எழுத்தாணியால ஓலையில கிறுக்கின மாதிரியே இருக்கும், எனக்கு ரொம்ப பிடிச்சது இது தான். ஆனா வகையை உறுதிப்படுத்தணும்னா மைக்ராஸ்கோப்ல ஸ்போரை, அதாவது பூஞ்சையோட விதை மாதிரியானதை, பாத்தே ஆகணும். லக்னோ பல்கலைக்கழகத்துல இருந்த டி.டி. அவஸ்தி ஐயா 1988லயும் 1991லயும் போட்ட, எது எந்த வகைன்னு படிப்படியா கண்டுபிடிக்கிற திறவுகோல் இல்லேன்னா நாங்க எல்லாம் இன்னும் தடவிட்டு தான் இருப்போம். அதே லக்னோவுல என்பிஆர்ஐ (தேசிய தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆளுங்க பிக்ஸின் கோகோஸ்னு ஊருக்குள்ள புகையையும் தாங்கி நிக்கிற ஒரு வகையை வெச்சே உலோகத்தை அளந்துட்டு வர்றாங்க, நம்ம நாட்டு நகரங்களுக்கு அது தான் சரியான வழின்னு எனக்கும் தோணுது, ஐரோப்பாப் பட்டியலை தூக்கிட்டு வர்றதை விட.

மரம் எதுங்கிறது ரொம்ப முக்கியம். யூகலிப்டஸ் பட்டையை உரிச்சு உரிச்சு போட்டுட்டே இருக்கும், அதுல லைக்கன் இல்லேன்னா காத்து மேல பழி போடக் கூடாது. பைன் பட்டை புளிப்பு, அதுல வர்றது வேற கூட்டம். அதனால நான் சில்வர் ஓக் மட்டும் எடுத்துக்கிட்டேன், காபித் தோட்டத்துல நிழலுக்கு வெச்சது ரோட்டோரத்துலயும் இருக்கு உள்ளயும் இருக்கு, மலையில எந்த உயரத்துலயும் கிடைக்கும். சாஞ்ச மரம் வேணாம், அடிபட்ட மரம் வேணாம், சின்ன மரம் வேணாம். இன்னொண்ணு, சில மரத்துலயும் பாறையிலயும் காவி பூசின மாதிரி ஆரஞ்சா இருக்கும், அதை முதல் ரெண்டு வாரம் லைக்கன்னு தான் எழுதி வெச்சிருந்தேன், அது ட்ரென்டபோலியான்னு தனிப்பாசி, பேர்ல பச்சைப்பாசி, நிறத்துல ஆரஞ்சு. லென்ஸ்ல பாத்தா கம்பளி நூல் மாதிரி இருக்கும், பூஞ்சைத்தோல் இருக்காது. என் காலேஜ் மேடம் நோட்டைப் பாத்து அந்த வரிகளை எல்லாம் அடிச்சுட்டு திரும்ப போய் எண்ணிட்டு வான்னாங்க, போனேன்.

பாட்டில் விஷயம் என்னன்னா, ஒண்ணுல பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, இன்னொண்ணுல ப்ளீச்சிங் தண்ணி, அன்னன்னைக்கு புதுசா கலக்கணும். மேல்தோலை ப்ளேடால லேசா சுரண்டி வெள்ளையா உள்ள தெரியுற இடத்துல ஒரு சொட்டு. பார்மோட்ரீமா டிங்க்டோரம்னா ப்ளீச்சிங் பட்டதும் ரத்தச்சிவப்பு, கல்பாசியா விக்கிற பார்மோட்ரீமா பெர்லேட்டம்ல அப்படி வராது, பொட்டாசியத்துக்கு மஞ்சளாகி ஆரஞ்சுக்கு போகும். கண்ணுக்கு ரெண்டும் ஒரே சாம்பல் இலை. இந்த டிங்க்டோரத்தை ஜப்பான்ல 1970கள்லயே ஃபேக்டரி ஊர்களோட காத்தைப் பாக்க வெச்சிருக்காங்க, அதே உயிர் பெருமாள்மலை ரோட்டுல நிக்குது. சாம்பிளை பிளாஸ்டிக் கவர்ல மட்டும் போடாதீங்க, பூசணம் புடிச்சிடும், பேப்பர் தான். ரிசர்வ் ஃபாரஸ்ட் உள்ள போறதுனா வனத்துறை அனுமதி இல்லாம ஒரு துணுக்கு கூட எடுக்கக் கூடாது, அதனால தான் நான் ரோட்டோரமும் தெரிஞ்சவங்க தோட்டமும்னு வெச்சுக்கிட்டேன்.

இதுவரைக்கும் 24 மரம் முடிஞ்சிருக்கு. ரோட்டை ஒட்டின மரத்துல தூசி படிஞ்ச மேலோடு வகைங்களும் ஒரு சில சின்ன இலை வகைங்களும் தான், நானூறு ஐநூறு அடி தோட்டத்துக்குள்ள போனா உஸ்னியா தாடி மாதிரி தொங்குது, நீலப்பச்சைப் பாக்டீரியா வெச்சிருக்கிற கறுத்த ஜெல்லி மாதிரி லெப்டோஜியம் வருது, மின்சிட்டுக் குருவி கூட்டுல ஒட்டிக்கிற மாதிரி சின்னச் சின்னத் துணுக்குங்க கிளை பூரா. ஆனா 24 மரத்தை வெச்சு வண்டிப்புகை தான் காரணம்னு நான் எழுத மாட்டேன். ரோட்டோரத்துல வெயில் அதிகம், ஈரம் கம்மி, தூசி வேற, எது என்ன பண்ணுச்சுன்னு பிரிக்கவே இன்னும் நிறைய மரம் வேணும்.

ஒண்ணு மட்டும் எனக்கு மனசை அரிச்சுட்டே இருக்கு. 2024 மே 7ல இருந்து கோர்ட் உத்தரவுல கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்துச்சு. வண்டி எவ்ளோ வருதுன்னு கணக்கு வரும், கட்டுப்பாடு வந்தா நல்லது தான். அதனால மலைக்கு என்ன ஆச்சுன்னு அஞ்சு வருஷம் கழிச்சு யாராச்சும் கேட்டா எதை வெச்சு சொல்றது? அதுக்கு முன்னாடி ரோட்டோர மரத்துல என்ன இருந்துச்சுன்னு வளைவு வளைவா எண்ணி வெச்ச நோட்டு என் கைல இல்ல. அந்த ஃபேக்டரி வர்றதுக்கு முன்னாடி எடுத்து வெச்ச லைக்கன் ஒரு கவர்ல இருந்திருந்தா எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. நெதர்லாந்துல பல வருஷம் ஒரே இடங்களை விடாம எண்ணிட்டே வந்ததால தான் வெப்பப் பகுதி லைக்கன்கள் பெருகுறதை 2002லயே சொல்ல முடிஞ்சுச்சு, பருவநிலை மாறுறதை மரப்பட்டையில படிச்சிட்டாங்க. இதுக்கு பெரிய மெஷின் வேணாம், திரும்ப திரும்ப அதே மரத்துக்கு போற ஆள் வேணும்.

பழனி மலைப்பக்கம், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஊத்துன்னு எங்கயாச்சும் உங்க வீட்டுல பழைய போட்டோ இருந்தா, பின்னாடி மரம் கிட்டக்க தெரியுற மாதிரி, தயவுசெஞ்சு தூக்கிப் போடாதீங்க, எனக்கு காட்டுங்க. எந்த வருஷம் எந்த இடம்னு மட்டும் தெரிஞ்சா போதும்.

ஞாயித்துக்கிழமை கடைசியா பாத்த மரம் ரோட்டு வளைவுல இருக்கிற ஒரு பெரிய சில்வர் ஓக். கிழக்குப் பக்கம் ரெண்டாவது கட்டத்துல ஒரு டிங்க்டோரம், அஞ்சு ரூபாய்க் காசு அளவு தான் இருக்கும், நல்லா வட்டமா. கண்ணாடி மாதிரி உள்ள தெரியுற ஒரு ஓஹெச்பி ஷீட்டை அது மேல வெச்சு மார்க்கரால ஓரத்தை அப்படியே வரைஞ்சுக்கிட்டேன், ஷீட் நகராம டீக்கடை அக்கா தான் புடிச்சுக்கிட்டாங்க. மூலையில தேதி போட்டு மரம் 24, கிழக்குன்னு எழுதினேன். "அடுத்த வருஷம் இதே மாசம் வருவியா?" ன்னு கேட்டாங்க. வர்றேன்னு சொல்லியிருக்கேன். மரத்துல யாராச்சும் போஸ்டர் ஒட்ட வந்தா அதுவரைக்கும் தான் பாத்துக்கிறேன்னு சொன்னாங்க.